எந்தச் சாமியைக் கும்பிடுவீங்க?

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் யாருக்காவது புத்தி பிசகிவிட்டால், அந்தக் குடும்பம் போகிற வழி ஏறக்குறைய எழுதி வைத்தது போல இருக்கும். முதலில் ஜோசியர். ஏழரைச் சனி, நாகதோஷம், செய்வினை, மூன்றில் ஒன்று நிச்சயம். அடுத்தது குலசாமிக்குக் கிடா. அதிலும் அடங்கவில்லை என்றால் பயணம். காவிரிக் கரைக்காரர்களுக்குக் குணசீலம், தெற்கத்தியவர்களுக்குப் புளியம்பட்டி அந்தோணியார், கேரள எல்லை தாண்டத் தெம்பிருந்தால் சோட்டானிக்கரை, சாதி மதம் பாராமல் எல்லாருக்கும் ஏர்வாடி. டாக்டர் கடைசியில்தான் வருவார். அதுவும் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி என்று வாய்விட்டுச் சொல்லாமல், "மெட்ராஸுக்கு ஒரு சோலியா போறோம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இன்று அந்த வரிசை கலைந்திருக்கிறது. மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜோசியர் இருக்கிறார், தர்காவில் கூட்டம் இருக்கிறது, ஜெபக்கூட்டம் முன்னைவிடச் சத்தமாகவே நடக்கிறது. ஆனால் சாமியிடம் போனவன் டாக்டரிடம் அதை மறைப்பதும், டாக்டரிடம் போனவன் சாமியாடியிடம் அதை மறைப்பதும் குறைந்துகொண்டு வருகிறது. இந்த மாற்றம் சும்மா வரவில்லை. அதற்குக் கொடுத்த விலை ஏர்வாடியில் இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கிற ஊர் ஏர்வாடி. சையிது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா அடங்கியிருக்கும் தர்கா அங்கே. சந்தனக்கூடு திருவிழா சமயத்தில் ஊர் கொள்ளாத ஜனம் வரும். அதில் நெற்றியில் விபூதி வைத்தவர்களும் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் ஏராளம். மனம் பேதலித்தவர்களைக் கூட்டிவருகிறவர்கள் தர்கா விளக்கின் எண்ணெயைத் தலையில் தடவுவார்கள், ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள், பிறகு காத்திருப்பார்கள். எதற்கு? கனவில் பாதுஷா வந்து, "போகலாம்" என்று உத்தரவு கொடுப்பதற்கு. உத்தரவு சிலருக்குப் பத்து நாளில் வரும், சிலருக்குப் பத்து வருஷமானாலும் வராது.

அதுவரை குடும்பம் அங்கேயே கிடக்க முடியுமா? வயல் இருக்கிறது, வேலை இருக்கிறது, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் தர்காவைச் சுற்றித் தனியார் 'ஹோம்'கள் முளைத்தன. மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், பார்த்துக்கொள்வார்கள். கீற்றுக் கொட்டகை. ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் காலில் சங்கிலி. பேய் இறங்கும்போது சங்கிலி தானே கழன்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. லைசென்ஸ் கிடையாது. 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் லைசென்ஸ் கட்டாயம் என்று சொன்னது, ஆனால் அந்தச் சட்டம் ஏர்வாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படி ஒரு ஹோமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் நாற்பத்து சொச்சம் பேர், ஏறக்குறைய எல்லாருமே சங்கிலியில். கீற்று எரிவதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? 28 பேர் செத்துப்போனார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களால்கூடச் சங்கிலியை அறுக்க முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் அரசு அங்கிருந்த ஹோம்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, பதிவில்லாத இல்லங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கும் வந்தது. ஹோம் நடத்தியவர்கள் பின்னால் சிறைக்குப் போனார்கள். இதெல்லாம் பேப்பரில் வந்த செய்தி. பேப்பரில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஹோம்களை மூட முடிந்தது, வருகிற ஜனத்தை நிறுத்த முடியவில்லை. எரிந்த கொட்டகையின் சாம்பல் ஆறும் முன்பே அடுத்த பஸ்ஸில் ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு ஏர்வாடி சிறையாகத் தெரியவில்லை. வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்தது.

அது என்ன என்று அடுத்த வருஷமே ஒரு ஆராய்ச்சி கொஞ்சம் காட்டிக் கொடுத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த ரகுராமும் சக மருத்துவர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைச் சில வாரங்கள் கவனித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002-இல் எழுதினார்கள். அங்கே பேயோட்டுவதில்லை, அடி இல்லை, மருந்தும் இல்லை. காலையில் சிறு பூஜை. பிறகு வளாகத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. கூடவே வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். கோயிலைவிட்டுக் கிளம்பும்போது நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. பல மாத்திரைகள் தருகிற முன்னேற்றத்துக்கு இது சமம் என்றார்கள். முப்பத்தொரு பேரை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்டிவிட முடியாதுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆனால் பயமுறுத்தாத இடம், செய்வதற்கு ஒரு சின்ன வேலை, கூட ஒரு ஆள் ஆகிய மூன்றும் மருந்தைப் போல வேலை செய்யக்கூடும் என்று மனநல மருத்துவர்களே எழுதினார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிகளில் அப்போது பெரும்பாலும் இல்லாதவையும் இவைதான். நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்த வேலூர் சி.எம்.சி. மனநல மையம் மாதிரி இடங்கள் விதிவிலக்கு. பாகாயத்தில் அது தொடங்கியது 1957-இல்.

அன்றைய ஆஸ்பத்திரியையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் கோயில்மேல் போட்டதாகிவிடும். மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா கையில் மந்திரித்த கயிறோடு உள்ளே போனால் டாக்டர் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பார். "இதெல்லாம் இன்னும் நம்புறீங்களா?" என்பார். அதோடு அந்த அம்மாவின் வாய் மூடிவிடும். மகனுக்குக் குரல் கேட்கிறது என்பதைச் சொல்வாள். அந்தக் குரல் செத்துப்போன மாமியாருடையது என்று தான் நினைப்பதைச் சொல்ல மாட்டாள். கொடுத்த மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள், போடுவாளா என்பது அவளுக்கும் சாமிக்கும்தான் தெரியும். டாக்டர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் படித்த படிப்பு அப்படி. மதம் என்பதே ஒரு மாயை என்று ஃபிராய்ட் 1927-இல் புத்தகமே எழுதியவர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில், ஒருவருக்கு வருகிற மதம் சார்ந்த சிக்கல் நோயாக இல்லாமலே கவனிக்க வேண்டிய ஒன்றாக இருக்கலாம் என்று ஒரு தனிக் குறியீடு வந்ததே 1994-இல்தான். உலக மனநல மருத்துவர் சங்கம் இன்னும் தாமதம். நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறிவது சிகிச்சையின் பகுதி, ஆனால் டாக்டர் தன் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அவர்மேல் திணிக்கக் கூடாது என்று அது அறிக்கை விட்டது 2016-இல்.

இந்த மாற்றம் ஏர்வாடியில் நடைமுறைக்கு வந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா இருக்கிறது. அங்கே தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 'தவா-துவா' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. அதே பாணியைத் தமிழ்நாடு அரசு ஏர்வாடிக்குக் கொண்டுவந்தது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் இப்போது தர்காவுக்கே வருகிறார். ஓதிப் பார்ப்பவரிடம் போகிற குடும்பத்தை, "அப்படியே டாக்டரையும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போங்க" என்று அனுப்புவதற்கு அங்கேயே ஆள் இருக்கிறது. எண்ணெயும் கிடைக்கும், மாத்திரைச் சீட்டும் கிடைக்கும். அன்று தீக்குப் பிறகு சிலர் கேட்டது போலத் தர்காப் பக்கமே நோயாளிகளை அண்டவிடாமல் விரட்டியிருந்தால் இந்த ஜனம் டாக்டரிடம் போயிருக்காது. வேறொரு ஊரின் வேறொரு கொட்டகைக்குப் போயிருக்கும்.

தனி ஆளாக உட்காரவைத்துப் பேசும் கவுன்சிலிங்கும் இதே திசையில்தான் மாறியிருக்கிறது. இங்கே பித்தும் பேயும் இல்லை. புருஷன் போன துக்கம், விவாகரத்து, ரிட்டயர் ஆன வெறுமை, பிள்ளைகள் வெளிநாடு போன வீடு, வேலை போன அவமானம் என்று வாழ்க்கை திரும்புகிற இடங்கள்தான் பேச்சு. முன்பெல்லாம் இதற்கு யார் கவுன்சிலர்? பங்குச் சாமியார், பள்ளிவாசல் ஹஜ்ரத், கோயில் குருக்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பெரியவர். அவர்கள் சொன்னதில் ஆறுதலும் இருந்தது, அதட்டலும் இருந்தது. "எல்லாம் அவன் செயல்" என்பதைக் கேட்டு ஒருத்தி இறங்கிப்போவாள், இன்னொருத்தி உடைந்துபோவாள்.

ஏன் ஒரே வாக்கியம் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பதைக் கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடவுள் துணையிருக்கிறார் என்று நினைப்பவனுக்கு நம்பிக்கை ஊன்றுகோல். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவனுக்கு அதே நம்பிக்கை கழுத்துச் சுருக்கு. ஆஸ்பத்திரியில் படுத்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து அவர் குழு பார்த்தது. கடவுளோடு இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதிகம் செத்துப்போனார்கள், மற்ற காரணங்களைக் கழித்த பிறகும். அது வெளியானதும் ஏர்வாடி தீப்பிடித்த அதே 2001-இல்.

அதனால்தான் விஷயம் தெரிந்த கவுன்சிலர் இன்று முதல் இரண்டு சந்திப்புக்குள் நம்பிக்கை பற்றிய கேள்வியைக் கேட்டுவிடுகிறார். கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற மருத்துவர் 1990-களில் இதற்கு நான்கு கேள்வி வகுத்துக் கொடுத்தார். நம்பிக்கை என்ன, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டம் இருக்கிறதா, நான் அதை எப்படிக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இவ்வளவு விறைப்பாகக் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். "எந்தச் சாமியைக் கும்பிடுவீங்கம்மா? இப்பவும் போறீங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். "முன்னாடி வெள்ளிக்கிழமை தவறாது மேடம். அவர் போனதுலேர்ந்து வாசல்படி மிதிக்கலை" என்று பதில் வந்தால் அங்கேதான் கதவு. போகாததற்குக் காரணம் கோபமா, தீட்டு என்று யாராவது சொன்னார்களா, பூ வைக்காமல் போனால் பார்ப்பார்களே என்ற கூச்சமா என்று ஒவ்வொன்றாக விரியும். மூன்றுக்கும் மூன்று வேறு பேச்சு.

எதிலும் துளி வித்தியாசம் பெரிய வித்தியாசமாகிறது என்பதற்கு மாத்திரை விஷயம் ஒன்றே போதும். கார்த்திகை பிறந்தால் மனநல மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி உறுதி: "மாலை போட்டிருக்கேன் சார், மாத்திரை போடலாமா?" விரதம் என்றால் உடம்பில் வேறெதுவும் சேரக் கூடாது என்று நினைத்து 41 நாளும் மருந்தை நிறுத்திவிட்டு மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இறங்கும்போது பழைய நோய் தோளில் ஏறியிருக்கும். ரமலானில் லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். முன்பு டாக்டர் "நோன்பு வைக்காதே" என்பார், இவர் டாக்டரைக் கைவிடுவார். இப்போது நோன்புக்கு ஒரு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குகிறார்கள். மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா, ரத்தப் பரிசோதனை எப்போது, முடியவே முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கத்தில் இருக்கிற சலுகையை ஹஜ்ரத் வாயாலேயே சொல்லவைக்கலாமா என்று பார்க்கிறார்கள். சொல்கிறவர் யார் என்பதில் பாதி வைத்தியம் இருக்கிறது. சில சபைகளில் மாத்திரை போடுவதே விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் நடக்கும். அங்கே ஒரு பாஸ்டர், "நானும் சுகர் மாத்திரை போடுறேன் பிரதர்" என்று சொன்னால் டாக்டரின் பத்துச் சீட்டுக்கு அது சமம்.

இன்னும் நுணுக்கமானது வஸ்வாஸ். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்துவிட்டு, கை நனைந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி, மறுபடி, ஜமாஅத் முடிகிறவரை குழாயடியிலேயே நிற்கும் மனிதர். இந்து வீட்டில் இதற்கு மடி, ஆசாரம் என்று பேர் வைத்துவிடுவார்கள், கட்டுப்பாடான மாமி என்று பாராட்டுகூடக் கிடைக்கும். நோயின் பெயர் ஒன்றுதான், திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி. சிகிச்சை, அந்தத் தூண்டலுக்கு இணங்காமல் பதற்றத்தைத் தாங்கப் பழக்குவது. ஆனால் நம்பிக்கை அறியாத சிகிச்சையாளர், "ஒரு வாரம் ஒளுவே செய்யாமல் இருந்து பாருங்க" என்றால் அந்த மனிதர் நரகத்துக்குப் போகச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். அறிந்தவர் அவரை ஹஜ்ரத்திடம் கூட்டிப்போய், எவ்வளவு கழுவினால் போதும் என்று கேட்கவைப்பார். மார்க்கச் சட்டத்திலேயே விடை இருக்கிறது: உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் ரத்து செய்யாது. மூன்று முறை, அதற்குமேல் கிடையாது. அந்த எல்லையை வைத்துக்கொண்டு பயிற்சி தொடங்கும். இங்கே மார்க்கம் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கவில்லை, நோய்க்குக் குறுக்கே நிற்கிறது. இப்படி ஒரு கூட்டணியை முப்பது வருஷத்துக்கு முன் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

நம்பிக்கையை மதிப்பது என்றால் எல்லாரையும் கோயிலுக்கு அனுப்புவது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் தமிழ்நாட்டை மறந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று தலைமுறையாகச் சுயமரியாதைக் குடும்பம். அப்பா இறந்தார், சடங்கு இல்லை, படத்திறப்பு மட்டும். சொந்தபந்தம் காரியம் செய்யச் சொல்லி நச்சரிக்கிறது. மகனுக்குச் சடங்கில் நம்பிக்கையில்லை, ஆனால் துக்கத்தை இறக்கிவைக்க ஒரு இடமும் இல்லாமல் தவிக்கிறான். இவனிடம், "மனசு அமைதியாக ஒரு தீபம் ஏத்திப் பாருங்களேன்" என்கிற கவுன்சிலரும் தவறு செய்கிறார், கயிற்றைப் பார்த்து முகம் சுளித்த அந்தக் காலத்து டாக்டரைப் போலவே. அவன் அப்பாவின் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுப்பதோ, நண்பர்களைக் கூட்டி ஒரு மாலை அவரைப் பற்றிப் பேசுவதோ அவனுக்கான காரியமாக இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு படி மேலே போகிறது. தான் சார்ந்த சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. வேறு மதத்துப் பையனைக் காதலித்த பெண்ணை, "புத்தி கெட்டுப்போச்சு" என்று சிகிச்சைக்கு இழுத்துவருகிற குடும்பங்கள் இன்றும் உண்டு என்பதால் இந்த வரி வெறும் அலங்காரம் அல்ல. எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் வருகிறது. ஏர்வாடி தீக்கும் அந்த வரிக்கும் நடுவே பதினாறு வருஷம்.

இன்றைக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவுன்சிலர் என்று போர்டு மாட்ட இந்த ஊரில் தடையே இல்லாத மாதிரிதான் இருக்கிறது. மூன்று மாத ஆன்லைன் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டுவிட்டு ஜாதகமும் பார்க்கிறவர் உண்டு. ஆறுதல் தேடி வந்தவரை மெதுவாகத் தன் சபைக்கு இழுக்கிறவர் உண்டு. மன அழுத்தத்துக்குக் காரணம் பூர்வஜென்மப் பாவம் என்று யூடியூபில் லட்சக்கணக்கான பேருக்குச் சொல்கிறவர் உண்டு. இவர்களும் நம்பிக்கையை மதித்துத்தான் பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வந்தவரின் சாமியைக் கேட்கிறவருக்கும் தன் சாமியை விற்கிறவருக்கும் உள்ள தூரம், கஷ்டத்தில் இருப்பவருக்குச் சட்டென்று தெரியாது. அதுதான் ஆபத்து.

நேரமும் காசும் அடுத்த சிக்கல். குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள் தங்குவார்கள். உச்சிகாலப் பூஜையில் முகத்தில் தீர்த்தம் அறைந்து தெளிப்பார்கள். அங்கே யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கவுன்சிலர் அறையில் முக்கால் மணி நேரம், அழுகை பாதியில் இருந்தாலும் அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். தனியார் என்றால் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம், கூலிவேலைக்குப் போகிறவருக்கு அது நடக்கிற காரியமில்லை. 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது, அதில் பெரும்பாலானோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேச டாக்டர்களும் இல்லை, கவுன்சிலர்களும் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் இலவச எண் 14416-இல் தமிழிலும் பேசுகிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

ஆகவே கண்ணுக்கெட்டிய தூரம்வரை முதலில் கேட்கப்போகிறவர்கள் பூசாரியும் ஹஜ்ரத்தும் பாஸ்டரும்தான். அவர்களை டாக்டர் ஆக்க வேண்டியதில்லை. தூக்கமே இல்லாமல் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருப்பவனைக் கண்டால் அது சாமி வந்த பேச்சாக மட்டும் இருக்காது என்று தெரிந்தால் போதும். பிரசவம் ஆன வாரத்தில் பிள்ளையைத் தொட மறுக்கிற தாய்க்குத் தாயத்தோடு ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று தெரிய வேண்டும். "செத்துடலாம் போலிருக்கு" என்று யாராவது சொன்னால், ஓதி அனுப்பிவிடாமல், "எப்பலேர்ந்து இப்படித் தோணுது தம்பி? எப்படிச் செய்யணும்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்கத் தெரிய வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படிக் கூடுவதில்லை. கேட்டுவிட்டு, அவனைத் தனியாக பஸ் ஏற்றாமல், வீட்டு ஆளுக்குப் போன் போட்டு, ஆள் வருகிறவரை பக்கத்திலேயே உட்கார வேண்டும். ஏர்வாடி மாதிரி இடங்களில் டாக்டர்கள் இப்போது தர்காக்காரர்களிடம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். தெருமுனை அம்மன் கோயில் பூசாரியிடமும் மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவரிடமும் இதைச் சொல்ல இன்னும் யாரும் போகவில்லை.